லேத் மேல் போட்ட பழி

பம்ப் கடைக்காரர் முந்தின நாள்தான் பன்னிரண்டு புஷ் வாங்கிப் போயிருந்தார். மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே வந்து அதில் ஐந்தைப் பட்டறை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. இதுல மூணு, ஷாஃப்டைச் சொருகினா விழப்போற பல்லு மாதிரி ஆடுது. மத்த ரெண்டு, சுத்தியால அடிச்சாத்தான் உள்ளயே போகுது."

பம்பின் சுழலும் தண்டைத் தாங்குகிற பித்தளை வளையம்தான் புஷ். அதன் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் போச்சு, சிறிதானாலும் போச்சு. பிறகு அந்தப் பம்ப் தண்ணீர் இறைக்காது, இரைச்சலைத்தான் இறைக்கும்.

பட்டறை என்பது வீட்டின் பின்னறைதான். சமையலறையைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். இருபத்தாறு வருடமாக அதில் ஒரே லேத், உலோகத்தைச் சுழலவிட்டுக் கடைகிற மெஷின். அதை ஓட்டியவருக்கு அந்தப் பக்கத்தில் மைக்ரான் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான். அவ்வளவு கறாரான ஆள் என்று யாரோ கேலிக்கு வைத்தது, நாளாக ஆக மரியாதையாகிவிட்டது. தபால்காரர்கூட அவர் மனைவியை "மைக்ரான் வீட்டம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மைக்ரான் ஐந்து புஷ்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு லேத்தின் பக்கம் கை காட்டினார்.

"இங்க வா. அந்தத் தண்டவாளத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாரு. தட்டுதா?"

"தட்டுது."

"அவ்வளவு தேஞ்சிருக்கு. கிழட்டுக் கழுதை. இதுல இனிமே உருப்படியா ஒரு உருப்படி வராது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெட்டும் கத்தி ஏறி ஓடுகிற அந்த இரும்புப் பாதை, இருபத்தாறு வருடத்தில் ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. நீளமான தண்டைக் கடைந்தால் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வரும். ஆனால் புஷ் என்பது கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இல்லாத சாமான்; அதில் இந்தத் தேய்மானம் தெரியாது. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததை அன்று அவர் யோசிக்கவில்லை.

பம்ப் கடைக்காரர் போனதும் மனைவி டீ கொண்டுவந்தாள். டம்ளரை அவர் வாங்கும்போது, ஆள்காட்டி விரலில் இரண்டு கொப்புளங்களைப் பார்த்தாள்.

"ஏங்க, இது எப்பச் சுட்டுது?"

"எது?" என்று அவரும் விரலைத் திருப்பிப் பார்த்தார். சூடான இரும்புச் சுருள் பட்டிருக்க வேண்டும். உடனே சிரித்துக்கொண்டார். "முப்பது வருஷம் இரும்பைத் தொட்ட கை. எருமைத்தோல் ஆயிடுச்சு. நெருப்பே வந்தாலும் அனுமதி கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

அவளும் சிரித்தாள். அதற்கு முந்தின வாரம், அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தபோதும் இப்படித்தான் சிரித்திருந்தாள். கழன்று விழுந்த செருப்பு தெருமுனையில் கிடந்தது.

மூடிப்போன ஓர் ஆலையில் லேத் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தார். அதிகம் ஓடாதது. பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. பேசி முடித்துவிட்டு வந்தார்.

பழையதை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தார். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர், மூன்று தெரு தள்ளி இருப்பவர். மைக்ரான் அவரிடம் எதையும் மறைக்கவில்லை.

"தம்பி, பின்னாடி என்னைக் குறை சொல்லக்கூடாது. இது போற இடத்துக்குப் போகவேண்டியது. இரும்பு எடைக்குத்தான் தரேன்."

"இருக்கட்டும் அண்ணே. நான் செய்யறது சின்னச் சின்ன சாமான்தானே. எனக்கு இது குதிரை."

புது லேத் ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாசற்கால் இடம் கொடுக்கவில்லை. அதைப் பெயர்த்தார்கள். சமையலறை அலமாரியையும் இறக்கினார்கள். நான்கு நாள் பாத்திரங்களெல்லாம் கட்டிலில் கிடந்தன. உருளைக்கட்டைகளின் மேல் தள்ளித் தள்ளி, ஆறு பேர் மூச்சுப் பிடித்து அதைப் பின்னறையில் நிறுத்தினார்கள். புதிதாகக் கான்கிரீட் போட்டு, தரையில் போல்ட் இறக்கி முடுக்கினார் மைக்ரான். முதல் தடவை சுவிட்சைத் தட்டியபோது சத்தமே வரவில்லை என்று மனைவி பயந்துவிட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுது. இதுதான் ஓடுற அழகு. அது ஓடலை, அழுதுச்சு."

பத்து நாள் அவர் வாயிலிருந்து பாட்டு கேட்டது. பதினோராம் நாள் பம்ப் கடைக்காரர் வந்தார். பன்னிரண்டில் ஆறு. நான்கு ஆடின, இரண்டு இறுகின.

 அவர் போனதும் மைக்ரான் மட்டக்கோலை எடுத்து லேத்தின் மேல் வைத்தார். மட்டம் சரியாக இருந்தது. மூலைக்கு மூலை தகடு செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். கத்திகளை மாற்றினார். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். பித்தளை மட்டமான சரக்கு என்றார். மூன்றாம் நாள், பட்டறை ஜன்னலில் காய்ந்த ஈரத்துணிதான் காரணம் என்று மனைவியின்மேல் பாய்ந்தார்.

அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பழசும் கோணல், புதுசும் கோணல். இப்ப என் துணியும் கோணலா?"

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவளுக்கு உறைத்தது.  அன்று மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை.

அடுத்த நாள் தையல் மிஷின்காரர் வந்தார். பழைய லேத்தின் முடுக்குச் சாவி ஒன்று இங்கேயே தங்கிவிட்டதாம். தேடி எடுத்துக் கொடுக்கும்போது, மைக்ரான் பேச்சுக்குக் கேட்டார்.

"எப்படி இருக்கு கழுதை?"

தையல் மிஷின்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன புஷ்ஷையும் அதற்கான தண்டையும் எடுத்து நீட்டினார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "உங்ககிட்ட காட்டலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

மைக்ரான் தண்டைப் புஷ்ஷில் விட்டார். ஆட்டிப் பார்த்தார். மறுபடி எடுத்து விட்டார்.

"எதால அளந்தீங்க?"

"அளக்கிறதுக்கு என்கிட்ட என்ன அண்ணே இருக்கு? தண்டையே விட்டு விட்டுப் பாத்தேன். கையில லேசா புடிக்கிற மாதிரி வந்துச்சு. போதும்னு நிறுத்திட்டேன்."

கையில் பிடிப்பது என்றால் என்னவென்று மைக்ரானுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர் முப்பது வருடம் பிழைத்ததே அதில்தான். காலிப்பர் என்கிற அளவுக் கருவியின் இரண்டு கால்களையும் துளைக்குள் விட்டால், நுனி சுவரை உரசியும் உரசாமலும் போகும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. விரல்தான் சொல்லவேண்டும். விரல் சொன்ன இடத்தில் அவர் நிறுத்துவார்.

இப்போது அந்தத் தண்டை உள்ளே விட்டார், வெளியே இழுத்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை.

"இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு அவர் கூப்பிட்ட முதல் தடவை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இதை உள்ள விட்டு இழுத்துப் பாரு. என்ன தெரியுது?"

"லேசா புடிக்குது."

மேசையில் இருந்த தன் புஷ் ஒன்றையும் பம்ப் தண்டையும் கொடுத்தார். "இது?"

"ஆடுதுங்க. நல்லாவே ஆடுது."

இன்னொன்று. "இது?"

"முரண்டு புடிக்குது."

அதையெல்லாம் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிடிப்பது, ஆடுவது, முரண்டுவது எல்லாம் அவருக்கு ஒன்றுதான். பஞ்சு சுற்றிய விரலால் தொடுவதுபோல் இருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தார். தெரியவில்லை. குருடனுக்கு இருட்டியது தெரியாத மாதிரி, மெல்ல மெல்ல வந்திருக்கிறது.

மெஷின் தப்புச் செய்தால் ஒரே மாதிரிதான் செய்யும், விதவிதமாகத் தப்பு வந்தால் அது ஆளுடைய தப்பு என்று அவரே பலருக்குச் சொன்னவர்.

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கவனித்த தையல் மிஷின்காரர், "நான் வரேன் அண்ணே, வரேன் அண்ணி" என்று சாவியோடு நழுவினார். அவர் போனதும் மனைவி கொப்புளங்களைச் சொன்னாள். செருப்பைச் சொன்னாள். மூன்று மாதமாகத் தன்னைச் சட்டைப் பித்தான் போடச் சொல்வதைச் சொன்னாள். கை எண்ணெயாக இருக்கிறது என்று அவர் சொன்ன நாட்களில் பாதி நாள் கையில் எண்ணெய் இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் இப்பத்தாங்க ஒண்ணோட ஒண்ணு சேருது."

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

மைக்ரான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். டாக்டர் கையிலும் காலிலும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே போனார். மனைவி எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றார் மைக்ரான்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நரம்பு செத்துவிட்டது, மருந்து இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளும், போனதைத் திருப்பித் தராது என்று டாக்டர் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "சுத்துற மெஷின் பக்கமே போகாதீங்க."

ஆனால் போனார். ஒரு வாரம் கழித்து மனைவியே யோசனை சொன்னாள். "நீங்க கடையுங்க. விட்டுப் பாக்கிறதை நான் பாக்கிறேன்." அப்படியே செய்தார்கள். லேத்தை நிறுத்திவிட்டு அவர் தள்ளி நிற்பார். அவள் தண்டை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பாள், அல்லது "போதும்" என்பாள். பன்னிரண்டும் சரியாக வந்தன. பம்ப் கடைக்காரர் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. "அண்ணே பழைய ஃபார்முக்கு வந்துட்டாரு" என்றார்.  அப்படி மூன்று வாரம் போனது.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். மைக்ரான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேசையில் விரித்திருந்த அளவுத்தாளின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. எங்கிருந்து எண்ணெய் இப்படிச் சிவப்பாக ஒழுகுகிறது என்று மேலே பார்த்தார். இன்னொன்று விழுந்தது. அப்புறம்தான் கையைப் பார்த்தார். இடது கை நடுவிரலின் நுனி, நகத்தோடு சேர்த்துக் கிழிந்து தொங்கியது. எப்போது பட்டது, எதில் பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை.

வலித்திருந்தால் கத்தியிருப்பார். கத்தாததால் அவளுக்கும் தெரியவில்லை. அவரே சுவிட்சை அணைத்தார். துணியைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று, "வித்துடலாம்" என்றார்.

வெளியூர் ஆள் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். ஏற்றுகிற அன்று மைக்ரான் உள்ளே போகவில்லை. தெருவில் வண்டிப் பக்கம் நின்று, வழியில் போகிறவர்களிடம் "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பம்ப் கடைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். வேறு இடத்தில் வேலை கொடுக்க ஆரம்பித்துவிட்டதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டீ குடிக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

பின்னறை காலியானது. தரையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நான்கு விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அவர் தினமும் காலையில் எழுந்ததும் அங்கே போய் நிற்பார். இடித்துக்கொண்டால் அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை கால் விரலில் ரத்தத்தை அவள்தான் பார்த்தாள்.

"ஆளைக் கூப்பிட்டு அறுத்துடலாங்க."

"இதுக்கு ஒரு ஆளா? நான் முடுக்கினது. நானே எடுக்கிறேன்."

ரம்பத்தை எடுத்து உட்கார்ந்தார். நாலு இழுப்பு இழுத்திருப்பார். பிளேடு இரும்பைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா என்று கைக்குத் தெரியவில்லை. அழுத்தினார். பிளேடு முறிந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். புது பிளேடு மாட்டி ரம்பத்தை அவளிடம் கொடுத்தார்.

"தள்ளும்போது அழுத்து. இழுக்கும்போது லேசா விடு. அவசரப்படாதே."

முதல் போல்ட்டுக்கே அரை மணி நேரம் ஆனது. அவளுக்கு வேர்த்து ஊற்றியது. அறுந்து விழுந்த துண்டை அவர் எடுக்கப் போனார்.

"தொடாதீங்க, சுடும்" என்றாள்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.