கீலுக்கு இரண்டு விரல் தள்ளி

என் சம்சாரம் அன்புக்கரசியின் சைக்கிள் புதன்கிழமையே சத்தம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. என்னிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னாள்.

“மிதிக்க சொல்லோ ஒரு டிக்கு. பள்ளத்துல எறங்க சொல்லோ ஒரு டிக்கு. இன்னான்னு பாருய்யா.”

“பெடல் லூசாயிருக்கும்.”

“பெடலு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? நடுவுல கேக்குது. மடிக்கிற எடத்துல.”

மடிக்கிற இடம் என்றதும் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

சைக்கிள் வராந்தாவில் சுவரோரம் நின்றது. இருபது இஞ்ச் சக்கரம், அலுமினிய பாடி. முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே தடிக் குழாய். அதன் நடுவே, கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல். பூட்டைத் தள்ளி இரண்டாக மடித்தால் சூட்கேஸ் அளவுக்கு வந்துவிடும். கீலுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளி, பை மாட்டுவதற்கு நான் வெல்டிங் வைத்த பிராக்கெட்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டிங் மணி மணியாக, வைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. அதன் ஓரத்தில், கீல் பக்கமாக, பெயின்ட்டின் மேல் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அது முடி இல்லை.

என் பெயர் சின்னப்பையன். வேலை கிண்டி எஸ்டேட்டில். ஆர்கான் வெல்டிங், பத்தொன்பது வருஷமாக. அடையாற்றங்கரையிலிருந்து எங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வைத்தார்கள். வீடுதான் வந்தது, வேலை கூட வரவில்லை. அன்புக்கரசி சமைக்கப் போவது மயிலாப்பூரில், ஸ்ரீநாத் என்கிறவர் வீட்டில். காலை ஆறு மணிக்கு அங்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஏழரை.

ஸ்ரீநாத் சார் மாசியில் சைக்கிள் பைத்தியம் பிடித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனில் மூன்று படம் காட்டினார். பதினாறு இஞ்ச் ஒன்று, இருபதில் இரும்பு ஒன்று, அலுமினியம் ஒன்று.

“பதினாறு வாணாம் சார். குட்டிச் சக்கரம் நம்ம ரோட்டுப் பள்ளத்துல எறங்குச்சுன்னா பல்லை வழியிலதான் தேடணும். இரும்பு வாங்குங்க. எங்க உடைஞ்சாலும் தெருமுனையில ஒட்டிக்கலாம்.”

“இரும்பை திருமயிலை ஸ்டேஷன் படிக்கட்டுல நீங்களா தூக்கிண்டு வரப்போறேள்?” என்று சிரித்தார். அலுமினியமே வாங்கினார், இரண்டாக. ஒன்று அவருக்கு. இன்னொன்று அவர் மனைவிக்கு. அந்த அம்மா நாகேஸ்வரராவ் பார்க்கை இரண்டு தடவை சுற்றிவிட்டு ஓரமாக நிறுத்திவிட்டார். அது அன்புக்கரசிக்கு வந்தது. அதற்கப்புறம் அவள் வேளச்சேரிவரை மிதித்து, மடித்து, பறக்கும் ரயிலில் சீட்டுக்குக் கீழே தள்ளி, ஐந்தே முக்காலுக்கு மயிலாப்பூரில் இறங்கினாள்.

ஸ்ரீநாத் சார் தன் சைக்கிளைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்தார். சீட்டுக் குழாய் நீளமாக மாற்றினார், சீட்டு மாற்றினார், கியர் மாற்றினார். ஆபீசுக்கு மட்டும் என்றால் அதோடு நின்றிருக்கும். அவருக்கு மகாபலிபுரம் போக வேண்டும், பாண்டிச்சேரி போக வேண்டும். இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பையும் முன்னால் நிற்க வேண்டும். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பிராக்கெட் வழுக்கியது.

“வெல்ட் பண்ணிடுங்கோ,” என்றார்.

இன்னும் முன்னால் தள்ளி வைத்தால் மடிக்கும்போது சக்கரத்தில் இடிக்கும். அதனால்தான் கீலுக்கு இரண்டு விரல் தள்ளி.

அலுமினியத்தில் ஒரு விஷயம் உண்டு. நெருப்பு பட்டால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் உலோகம் தன் பலத்தை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. கம்பெனியில் ஒட்டுகிற ஒவ்வொரு பீஸும் அந்தப் பலம் திரும்ப ஓவனுக்குப் போய் வந்தால்தான் வெளியே போகும். நான் இதைச் செய்தது ஞாயிற்றுக்கிழமைகளில், சிநேகிதன் ஷெட்டில். அங்கே ஓவன் இல்லை. கம்பெனிக்குக் கொண்டுபோனால் பெயின்ட்டை உரிக்க வேண்டும், கீலைக் கழற்ற வேண்டும், சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். பை தொங்குகிற பிராக்கெட்டுக்கு இவ்வளவு எதுக்கு என்று விட்டுவிட்டேன். எந்த வெல்டரும் தன் வெல்டிங் உடையுமா என்றுதான் பார்ப்பான். வெல்டிங் உடையவில்லை. பக்கத்தில் உடைந்தது.

ஸ்ரீநாத் சார் சைக்கிளைப் பார்த்து அவர் கூட்டத்தில் ஏழு பேர் வந்தார்கள். அன்புக்கரசியுடையதற்கும் அந்த ஏழுக்கும் அதே பிராக்கெட், அதே இடம்.

விரிசல் பார்க்கிற மூன்று டப்பாக்கள் என் பையிலேயே இருக்கும். எமரி தாளால் பெயின்ட்டைத் தேய்த்தேன். முதல் டப்பாவால் கழுவி, சிவப்பு மருந்தை அடித்து, பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசிந்து வரும். கசிந்தது. குழாயின் மேலே தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கி, பாதிக்கு மேல் சுற்றியிருந்தது.

அன்புக்கரசி குனிந்து பார்த்தாள். “இத்து மேலயா இன்னிக்கி வந்தேன்?”

“ஆமா.”

அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “நாளிக்கு காலில அவுங்க எல்லாம் பாண்டிச்சேரி போறாங்கய்யா. ஸ்ரீநாத் சாரு பை கட்டிக்கினு இருந்தாரு.”

போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“இன்னான்னு சொல்லுவே? நான் ஒட்னது உடையுதுன்னா? அப்பால நாளைலேர்ந்து அந்தூட்டு வாசப்படி என்னை ஏத்துமா?”

“ஏத்தாது.”

“கேஸ் போட்டா?”

“போடட்டும். நீ இன்னிக்கி விழலை. அது உன் அதிர்ஷ்டம். எட்டு பேருக்கும் அதே அதிர்ஷ்டம் இருக்குமா?”

கையை விட்டாள். “போன்ல சொன்னா நம்ப மாட்டாரு,” என்றாள். “நேர்ல போ. டப்பாவ எடுத்துக்கினு போ.”

மயிலாப்பூர் போய்ச் சேரும்போது எட்டு மணி. கார் ஷெட்டில் ஸ்ரீநாத் சார் சைக்கிள் தயாராக நின்றது. முன் பிராக்கெட்டில் பை, இரண்டு பக்கமும் பாட்டில். அன்புக்கரசி சைக்கிளில் வந்த விரிசலைச் சொன்னேன்.

“அவ ஓட்டற ரோடு அப்படி, சின்னப்பையன். பெரும்பாக்கம் ரோடு நிலாவுல இருக்கற மாதிரி இருக்கும். நாங்க ஈ.சி.ஆர்ல போறவா. வழவழன்னு இருக்கும்,” என்றார்.

“பாத்துடலாம் சார்.”

எமரி தாள் எடுத்ததும் முகம் சுளித்தார். சிவப்பு அடித்ததும், “என்ன, ஹோலியா?” என்றார். பத்து நிமிஷமும் வரப்போகிற பயணத்தைப் பற்றியே பேசினார். நான் துடைத்தேன். வெள்ளை அடித்தேன். வெள்ளையில் ஒன்றுமில்லை. “பாத்தேளா?” என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சிவப்பு எழுந்தது. ஒரு விரல் நீளம். நூல் மாதிரி.

சார் கார் பம்பரிலேயே உட்கார்ந்தார்.

“இப்படி ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?”

“ஒட்டினதும் ஓவன்ல வெக்கணும்னு தெரியும் சார். பை மாட்டறதுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சே?”

“தெரிஞ்சேதான் சார்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஓட்ட வேண்டாம், காலையில் அடையாறுக்குக் காரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். ஆறு பேர் எடுத்தார்கள். ஏழாவது ஹபீபுர் ரஹ்மான். நந்தனத்தில் இருக்கிறார், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அறுபத்தாறு வயசு. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“அவர் எட்டு மணிக்கே படுத்துடுவார். மெசேஜ் போட்டிருக்கேன். எப்படியும் அஞ்சு மணிக்கு அடையார்லதானே எல்லாரும் சேரப்போறோம், பிடிச்சுடலாம்.”

வீடு எங்கே என்று கேட்டேன். நந்தனத்தில் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை. சரி என்று நானும் தலையாட்டினேன். அந்த ‘சரி’யை அப்புறம் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று பெரும்பாக்கம் போகாமல் அந்த ஷெட்டிலேயே படுத்தேன்.

காலை ஐந்துக்கு அடையாறு சிக்னல் பக்கம் ஆறு பேரும் வந்திருந்தார்கள். நாலு பேர் காரில் சைக்கிளை மடித்துப் போட்டுக்கொண்டு. இரண்டு பேர் அதையே ஓட்டிக்கொண்டு.

“மெதுவாத்தான் வந்தோம்,” என்றார் ஒருவர்.

“மாஸ்டர், நம்மளுதை ஒரு ஸ்ப்ரே அடிச்சுப் பாரு. ஒண்ணுமில்லேன்னா நான் கெளம்பறேன், லீவு போட்டாச்சு,” என்றார் இன்னொருவர்.

“இப்ப கோடு இல்லேன்னா பாண்டிச்சேரி போய்ச் சேர்ற வரைக்கும் இருக்காதுன்னு நான் சொல்ல முடியாது சார்,” என்றேன். “ரஹ்மான் பாய் எங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவர் ஸ்லோ ஆச்சே. எப்பவும் நாலு மணிக்கே தனியா கெளம்பிடுவார். நாம முட்டுக்காடு தாண்டி அவரைப் பிடிப்போம்,” என்றார் ஒருவர்.

“மறந்தே போயிட்டேனே,” என்று ஸ்ரீநாத் சார் மறுபடி போன் போட்டார். எடுக்கவில்லை. யாரிடமோ கேட்டு பாயின் சம்சாரத்தின் நம்பர் வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“போயிட்டாங்களே தம்பி. போனை பைக்குள்ள போட்டு மூடிட்டுத்தான் போவாங்க. கெளம்பும்போது ஒரே கத்தல். அந்த பிராக்கெட்ல தலகாணி கட்டி வெச்சிருந்தேன்ல, அந்த முடிச்சு அவிழலைன்னு.”

“தலகாணி எதுக்கும்மா?” என்றேன் நான்.

“பேத்திக்குப்பா. முன்னாடி அதுலதான் உக்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. யாரோ ஒரு வெல்டர் நல்லா பலமா அடிச்சுக் குடுத்திருக்காராம். ஆளு ஏறி நின்னாலும் அசையாதுன்னாங்க.”

ஸ்ரீநாத் சார் என்னைப் பார்க்காமல் கார் கதவைத் திறந்தார்.

பை என்றால் மூன்று கிலோ, நாலு கிலோ. பிள்ளை என்றால் பதினைந்து, பதினெட்டு. தினமும் இரண்டு வேளை, ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் குழாயின் அந்த ஒரே இடத்தில் குதித்திருக்கிறது. அன்புக்கரசியின் சைக்கிளில் பாதி சுற்றி வந்த கோடு இதில் எங்கே இருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரிந்தது. திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். ரோட்டோரம் ஒவ்வொரு இருட்டு மூட்டையையும் பார்த்தேன். குப்பை மூட்டை. படுத்திருக்கிற மாடு. சுருட்டிப் போட்ட தார்ப்பாய். உத்தண்டியில் ஒரு இடத்தில் நாலு பேர் கூடி நின்றார்கள். சார் பிரேக் அடித்தார். மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.





முட்டுக்காட்டில் வெளுத்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. ரஹ்மான் பாய். ஏற்றம் முடியாமல் சீட்டை விட்டு எழுந்து நின்று, முழு உடம்பையும் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

சாரின் கை ஹாரனுக்குப் போனது.

“அடிக்காதீங்க சார்! திடுக்குனு பிரேக் புடிப்பாரு. பிரேக் புடிச்சா எல்லா பாரமும் அந்த எடத்துலதான் வரும். தாண்டிப் போங்க. எறக்கத்துக்கு அப்பால நிறுத்துங்க.”

தாண்டினோம். அவர் மூச்சு வாங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பாலம் இறங்கி இருநூறடி தள்ளி நிறுத்தினோம். நான் இறங்கி ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டினேன். அவர் உச்சிக்கு வந்து சீட்டில் உட்கார்ந்து, மிதிப்பதை விட்டு, இறக்கத்தில் உருள ஆரம்பித்தார். வேகம் ஏறியது. பின்னால் ஒரு மணல் லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

“பாய்! மெதுவா! பின் பிரேக் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா புடிங்க!”

“யாரு, சின்னப்பையனா?” என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். லாரி அவரை ஒட்டிக் கடந்தது. அதன் காற்றில் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. நேரே வந்தது. மெதுவானது. என் எதிரே காலை ஊன்றி நின்றார்.

“என்னப்பா இந்நேரத்துல இங்க? சாரும் கார்ல இருக்காரு? எனக்கு முன்னாடியே போய் டீ சொல்லிட்டீங்களா?”

“எறங்குங்க பாய்.”

“ஏம்பா?”

“முதல்ல எறங்குங்க.”

இறங்கினார். சைக்கிளை ரோட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு கை சீட்டிலும் ஒரு கை ஹேண்டில்பாரிலும் வைத்துத் தூக்கினேன். பெரிதாக பலம் போடவில்லை. நடுவில் சொத்தென்று விட்டு இரண்டு சக்கரமும் ஒன்றை நோக்கி ஒன்று தொங்கின.

“அட, அதுக்குள்ள மடிச்சிட்டியே!” என்றார். “பூட்டை எப்பப்பா தள்ளினே?”

“மடிக்கலை பாய்.”

குனிந்தார். கீலின் பூட்டு போட்டபடியே இருந்தது. அதற்கு இரண்டு விரல் முன்னால் குழாய் வாய் பிளந்து, உள்ளே வெள்ளியாய்ப் பளபளத்தது. நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் முடிச்சு அவிழாத அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பையைத் திறந்து போனை எடுத்தார். நம்பர் இரண்டு தடவை தப்பிப் போனது. மூன்றாவதில் எடுத்தார்கள்.

“ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்,” என்றார். “பாப்பா எழுந்திருச்சிட்டாளா? அவ கிட்ட போனைக் குடு. சும்மாதான். குடு.”