இஸ்திரி போட்ட தெரு

புதுச் சட்டையைப் பழசாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. காலரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், ஆனால் ஓட்டை விழக் கூடாது. ஆறிப்போன டீத் தண்ணீரில் முக்கி, உதறாமல் அப்படியே கசங்கலாகக் காயப்போட வேண்டும். கிழிப்பதற்குக் கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. வெட்டு நேராக விழுந்து கேமராவில் காட்டிக் கொடுத்துவிடும். ஓரத்தைப் பல்லால் கடித்துவிட்டு, கையால் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

பாட்டு வீடியோ எடுக்கும் ஒரு கம்பெனியின் உடைப் பிரிவில் இந்த வேலையை டெய்லரக்காவைப்போலச் செய்ய ஆள் கிடையாது. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீடியோவில் பணக்காரர் வந்தால் அவள் தைப்பாள். ஏழை வந்தால் கிழிப்பாள். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் மேனேஜர் வந்து, பெரிய பாடகருக்கு ஒரு பாட்டு எடுக்கிறோம், உழைக்கிற மக்களைப் பற்றின பாட்டு, அதற்கு நிஜமான ஒரு சந்து வேண்டும் என்றார்.

"எங்க தெருவையே எடுங்களேன் சார்" என்று அவள் வாயை விட்டாள்.

மறுநாளே டைரக்டர் வந்து பார்த்தார். இளவயதுக்காரர், மரியாதையான பிள்ளை. எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் பேசினார். இரண்டு கைகளாலும் சட்டம்போல வைத்துக்கொண்டு, காரை பெயர்ந்த ஒரு சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளம்பும்போது, "தெருக்காரங்க எல்லாரும் வரணும்க்கா. இந்தப் பாட்டே அவங்களுக்குத்தான். அவங்க அவங்களாவே இருந்தா போதும்" என்றார்.

டெய்லரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்க அவளே சொல்லிவிட்டு வந்தாள். அதே வாரம் ஒரு பெட்டி நிறையக் கிழிசல் உடுப்பு தயார் பண்ணச் சொன்னார்கள். துணை நடிகர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக் கிழித்துப் போட்டாள்.

தெரு அமர்க்களப்பட்டது. அவளுடைய அண்ணி முனையில் சலவைக் கடை வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த உடுப்பு, வேலைக்குப் போகிற சீருடை, பெட்டிக்கடியில் கிடந்த கோட்டு என்று எல்லாம் அவள் மேசைக்கு வந்து குவிந்தன. அண்ணிக்கு வாயும் கையும் ஒரே வேகம். திட்டிக்கொண்டே அத்தனையையும் இஸ்திரி போட்டுத் தள்ளினாள்.

படப்பிடிப்பன்று காலையில் கேமராவும் விளக்கும் வந்து இறங்கியபோது, தெரு கண்ணைப் பறித்தது. எதிர் வீட்டு செக்யூரிட்டி மாமா சீருடைப் பித்தான்களைத் துடைத்து மின்னவிட்டிருந்தார். மாடி வீட்டு பெயின்டர், திருமணத்தன்று போட்ட சட்டைக்குள் தொப்பையை எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். வெள்ளை வெளேர் என்று வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள்.

டைரக்டர் வண்டியை விட்டு இறங்கினார். சிரித்த முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று.

"என்னக்கா இது?"

"எங்க தெரு ஆளுங்க தம்பி. எல்லாரும் வந்துட்டாங்க."

"அது தெரியுது. எல்லாரும் ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்காங்களே. இது செட் ஆகாதுக்கா. பெட்டியைத் திறந்து அந்த டிரஸ்ஸைக் குடுத்துடுங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் பெட்டியைத் திறந்து, மேலாகக் கிடந்த கிழிந்த பனியனை எடுத்து செக்யூரிட்டி மாமாவிடம் நீட்டிவிட்டார்.

மாமா அதை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிழிசல் வழியாக அவருடைய வீட்டு வாசல் தெரிந்தது.

"இது நீ கிழிச்சதாம்மா?"

"ஆமா மாமா."

"நல்லாத்தான் கிழிச்சிருக்கே" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவள் அந்தப் பனியனை அவர் கையிலிருந்து வாங்கினாள். பெட்டியில் போட்டாள். மூடினாள். மூடின பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தர மாட்டேன் தம்பி."

"அக்கா, விளையாடாதீங்க. வெயில் போயிடும்."

"நான் விளையாடலை. அவங்க அவங்களாவே வந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க? வந்திருக்காங்க. எடுங்க."

டைரக்டர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தப் பாட்டு உங்களுக்காகத்தான்க்கா. உங்க வலி வெளியில தெரியணும். பாக்கறவங்களுக்கு மனசு கரையணும்."

"எங்களுக்கு வலி இல்லைன்னு யார் சொன்னா? இதோ, மாமாவுக்கு நாள் முழுக்க நின்னு நின்னு கால் நரம்பெல்லாம் முடிச்சு போட்டிருக்கு. இஸ்திரி போட்ட இந்தப் பேன்ட்டுக்குள்ளதான் இருக்கு. எடுக்கத் தெரிஞ்சா எடுங்க. தெரியலைன்னா அதுக்கு அவர் சட்டையைக் கிழிக்காதீங்க."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னியோட உனக்குக் கம்பெனியில வேலை இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றார்.

"அதை அப்பவே தெரிஞ்சுகிட்டுதான் உக்காந்தேன்." இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். மாற்றிக்கொள்பவர்களைப் பாடகருக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதாகச் சொன்னார். கூட்டத்தில் ஒரு அசைவு. பெயின்டர் மெல்ல முன்னால் வந்தான். பெட்டியில் இல்லாத ஒரு கந்தல் சட்டை மேனேஜரின் வண்டியில் கிடந்தது. அதை வாங்கி மாட்டியும் விட்டான்.

அவன் மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாயிருக்கு. இந்தக் கோலத்துல டிவியில வந்துட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதே. யாரோன்னு நெனச்சு ரெண்டு காசு போட்டு அனுப்பிடுவேன்."

தெரு சிரித்தது. அவன் கழற்றி மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டு, தொப்பையை மறுபடி எக்கிக்கொண்டான்.

"சரி, யாரும் வேண்டாம். எல்லாரும் ஒதுங்குங்க. பாடகரை மட்டும் எடுத்துக்கறோம்" என்றார் டைரக்டர்.

"எங்க ஒதுங்கறது?" அண்ணி இடுப்பில் கைவைத்தாள். "இது என் கடை வாசல். அது அவர் வீட்டு வாசல். எங்க வாசல்ல நாங்க நிக்கறோம். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அதோடு பேச்சு முடிந்தது. அவரவர் போய் அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கேமராவை மறைக்கவில்லை. டெய்லரக்காவும் பெட்டியை மேனேஜரிடம் தள்ளிவிட்டுத் தன் வாசலுக்குப் போய் நிமிர்ந்து நின்றாள்.

கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் மின்னும் பித்தான். அந்தப் பக்கம் திருப்பினால் வெள்ளை உடுப்பு. காரை பெயர்ந்த சுவரையாவது எடுக்கலாம் என்றால், அதன் ஜன்னலில் கோட்டு போட்ட ஒருவர் கம்பீரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பாடகர் வண்டியிலிருந்து இறங்கினார். முழங்கால் இரண்டும் வெளியே தெரியும் ஜீன்ஸ், தோளில் தொங்கும் கந்தல் சட்டை, கன்னத்தில் கரி. தெரு மொத்தத்திலும் கிழிந்த உடுப்போடு நின்றது அவர் ஒருவர்தான்.

செக்யூரிட்டி மாமாவுக்குக் கிண்டல் தெரியாது. நிஜமாகவே மனசு கேட்காமல்தான் கேட்டார்: "தம்பி, வீட்ல நல்ல சட்டை ஒண்ணு இருக்கு. உங்க அளவுக்கு வரும். எடுத்துட்டு வரவா?"

விளக்குப் பிடித்த ஆள்தான் முதலில் சிரித்தான். பிறகு தெருவே சிரித்தது. பாடகர் கன்னத்துக் கரியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாட்டு வெளிவராமல் போய்விடவில்லை. எங்கோ செட் போட்டு, வேறு ஆட்களை வைத்து எடுத்து, அது ஓகோவென்று ஓடியது. சலவைக் கடையில் அண்ணியின் போனில் எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். டெய்லரக்கா தான் கிழித்த ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பனியனுக்குள் யாரோ ஒரு வயசாளி, சொல்லிக் கொடுத்தபடி வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் நல்ல சட்டை ஒன்று தொங்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நாம இல்லாம நல்லாத்தான் இருக்கு" என்று பெயின்டர் பெருமூச்சு விட்டான்.

"ஆமா, நாம இல்லவே இல்ல" என்றாள் அவன் மனைவி.

டெய்லரக்கா வீட்டிலேயே மெஷினைப் போட்டுத் தைத்தாள். சில வாரம் வேலை வந்தது, சில வாரம் ஈ ஓட்டினாள். சும்மா இருந்திருக்கலாமோ என்று அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்த ஒவ்வொரு தடவையும், இல்லை, அந்தப் பெட்டி மேல் மறுபடியும் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் முடிந்தது.

ஒரு மதியம் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண்.

"அக்கா, ஒரு பாட்டு எடுக்கறோம். கொஞ்சம் ஏழை டிரஸ் வேணும். நீங்க நல்லா பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

"ஏழைன்னு ஒரு வேலை இருக்காம்மா? அவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னு சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரி தைச்சுத் தரேன். கிழிக்கிற வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

இதோடு அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்து டெய்லரக்கா மெஷினை மிதிக்கக் காலை எடுத்து வைத்தாள்.

"இருங்கக்கா" என்றது போன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஒருத்தங்க பஸ் ஓட்டறாங்க. இன்னொருத்தர்... எழுதவே இல்லையே. கேட்டுட்டு சொல்றேன்."

"கேளு. நான் எங்கயும் போகலை" என்று சொல்லிவிட்டு, பஸ் ஓட்டுகிறவளுக்கு எந்த நீலம் எடுப்பாக இருக்கும் என்று அவள் துணிகளைப் புரட்ட ஆரம்பித்தாள்.