சாட்சி: எழிலரசி, சி பிளாக்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் இருபத்து நான்கு வீடுகள். அதில் பத்தொன்பது கதவுகள் என் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டன. பெல் அடித்தால் கதவுத் துளை வழியாகப் பார்ப்பார்கள். நான்தான் என்று தெரிந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும் எனக்கு?

நான் யாரிடமும் சொத்து கேட்கவில்லை, ஒரு கையெழுத்துதான் கேட்டேன். அடித்த புருஷன்மேல் புகார் கொடுக்கப் போனால், வழக்கு பதியாமல் ‘சமாதானமாகப் போகிறோம்’ என்று ஸ்டேஷனிலேயே எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வாங்கக் கூடாது, வாங்கினாலும் செல்லாது என்று சட்டம் வரவேண்டும். சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு அனுப்ப இரண்டு பக்கம் நானே டைப் அடித்து வைத்திருந்தேன்.

எல்லாம் மேல்வீட்டுப் பவித்ராவுக்காக. ஏப்ரலில் அவள் புருஷன் ஜெகதீஷ் அவளுடைய இடது கை விரலை முறித்தான். அன்றைக்கு ஸ்டேஷனில் சமாதானக் கடிதம். ஜூனில் காதோடு சேர்த்து அறைந்தான். அந்தக் காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி புகார் கொடுக்கப் போனவளிடம் பழைய கடிதத்தைக் காட்டி, “நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப மாத்திப் பேசறியா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருமுல்லைவாயிலில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, வழக்கு பதியச் சொல்லிக் கோர்ட்டில் மனு போட்டிருந்தாள். திங்கட்கிழமை விசாரணை.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் நிறுத்துமிடத்தில் அசோசியேஷன் கூட்டம். முதல் விஷயம் தண்ணீர் லாரி, இரண்டாவது நான்.

செயலாளர் பாண்டியன் இந்த ஊர்க்காரர். இந்த இடமே அவர் அப்பா நெல் போட்ட நிலம். அதனால் எங்களையெல்லாம் அவர்தான் பாவம் பார்த்துக் குடிவைத்த மாதிரி பேசுவார்.

“இன்னாமா எழிலு, ஊடு ஊடா பூந்து இன்னா கலாட்டா பண்ணிகினு கீற? புருஷன்னா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். அதுக்கு ஒரு சட்டமா?”

“உங்க பொண்ணோட புருஷன் தட்டினாலும் இதேதானா அண்ணே?”

“எம்பொண்ணு பேச்ச எடுக்காத!” எழுந்த வேகத்தில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“போலீஸ் வந்து போற ஃபிளாட்டுன்னு பேர் வந்தா யார் வாங்குவா?” என்றது ஒரு குரல். எதிர்வீட்டு வரலட்சுமி, “அவளுக்கும் வாய் ஜாஸ்தி” என்றாள். பவித்ரா அங்கேயேதான் கடைசி நாற்காலியில் இருந்தாள். நான் வாட்ஸ்அப்பில் வரச்சொல்லியிருந்தேன். நல்ல காதைப் பேசுகிறவர்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜெகதீஷ் இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்தான். “மேடம் எழுதினதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. இதையும் கொஞ்சம் படிங்க” என்று பாண்டியனிடம் ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தான்.

பாண்டியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் சமாதானமாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். இப்படிக்கு, பவித்ரா. சாட்சி...” நிறுத்தி என்னைப் பார்த்தார். பல்லெல்லாம் தெரிந்தது. “சாட்சி, எழிலரசி, சி பிளாக்! அடி சக்கை!”

கூட்டமே சிரித்தது.

ஆமாம், நான்தான். ஏப்ரலில் அவளை ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனவளும் நான், ஏட்டம்மா வெள்ளைத்தாளை நகர்த்தியதும் “எழுதிக் குடுத்துடு பவித்ரா, இனிமே பயத்துல தொட மாட்டான்” என்று சொன்னவளும் நான். ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்பதும் என் வார்த்தைதான். அன்றைக்குப் பூந்தமல்லியில் நாத்தனார் பெண்ணுக்குச் சீமந்தம், நேரமாகிக்கொண்டிருந்தது. என் மனுவில் இதை ‘அக்கம்பக்கத்தினரும் வற்புறுத்துகின்றனர்’ என்று நாசூக்காக எழுதியிருந்தேன். வெட்கங்கெட்டவள்.

“பவித்ரா, நீயே சொல்லும்மா. இந்தச் சட்டம் வேணுமா வேண்டாமா?” என்று அவளிடம் மனுவை நீட்டினேன். அந்த நேரத்திலும் எனக்கு அவள் துணைக்கு வரவேண்டியிருந்தது.

அவள் அதை வாங்கவில்லை. “சட்டம் வர்றப்போ வரட்டும்க்கா. நாளைக்குக் கோர்ட்டுல இந்த லெட்டரக் காட்டி, நானா எழுதினதுன்னு சொல்லுவாங்க. அப்படி இல்லன்னு சொல்ல உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல. எங்க வக்கீல் எத்தன தடவ கூப்பிட்டார்? நீங்க ஃபோனே எடுக்கல. எல்லார் ஊட்டுக் கதவையும் தட்டறீங்க, எங்க ஃபோன மட்டும் எடுக்க மாட்டேங்கறீங்க.”

பாண்டியன் ஜெராக்ஸை மடித்துக் கீழே வைத்தார்.

மனுவைத் திருப்பி, பின்பக்கத்தில், என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். அந்தக் கடிதம் பவித்ராவின் விருப்பம் இல்லை. எழுதச் சொன்னது நான், வாசகம் என்னுடையது. அவள் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

“மேடம், யோசிச்சு எழுதுங்க. நீங்களும் கோர்ட்டுக்கு அலையணும்” என்றான் ஜெகதீஷ்.

“அலையறேன், போடா!”

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பவித்ரா நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நியாயமாகப் பார்த்தால் அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அவள் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“எதுக்கு அவசரப்பட்டீங்கன்னு எழுதலியேக்கா. அன்னிக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தீங்க. சீமந்தம்னு எழுதுங்க.”

எழுதினேன்.