வாய் திறக்காத மனுஷன்

வனஜாவுக்குப் பணம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் பிறந்தால் ரோஷினிக்கு ஸ்கூல் ஃபீஸ், வேன்காரனுக்கு வாடகை எல்லாம் வரிசைகட்டி நிற்கும். ஆனால் பணத்தைவிட ஒரு கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கக்கூடவா அந்த ஆளுக்கு மனசு வரவில்லை?

அந்த ஆள் நாகேந்திரன், அவள் புருஷன். ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டர். மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டிவிடுகிறேன் என்று ஹைகோர்ட்டில் எழுதிக் கொடுத்தவன், கொஞ்ச நாள் ஒழுங்காகக் கட்டினான். அப்புறம் பாதியானது. அப்புறம் அதுவும் நின்றது. வக்கீல் நோட்டீஸ் போனது, பதில் இல்லை. கோர்ட்டில் இரண்டு தரம் கூப்பிட்டுக் கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வக்கீல்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அது ஒன்றும் புதுசில்லை. அவன் அம்மா நாலு பேர் முன்னால் வனஜாவை வாய்க்கு வந்தபடி ஏசியபோதும் அவன் பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். “ஏதாவது பேசித் தொலைங்களேன்” என்று அவள் கத்தாத நாளில்லை. சண்டைக்காரனோடுகூடக் குடித்தனம் பண்ணிவிடலாம். ஊமைக்கோட்டானோடு என்ன பண்ணுவது? பிள்ளையை இழுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தம்பி கிஷோர் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடியில் தகரம் போட்ட ஒரு அறை. அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தால் அந்த அறையும் எத்தனை நாளைக்கோ என்றுதான் தோன்றும்.

கிஷோர்தான் வழி சொன்னான். “கோர்ட்ல குடுத்த வாக்க மீறிகினு கீறான்க்கா. அவமதிப்பு கேஸு போடு. ஆடிப்பூடுவான்.” வக்கீலைப் பிடித்ததும் அவன்தான், ஃபீஸ் கொடுத்ததும் அவன்தான். அன்று கடைசி விசாரணை. ஆவடி ஸ்டேஷனில் பைக்கை நிறுத்தும்போதே அவனுக்கு ஒரே உற்சாகம். “இன்னிக்கு உள்ள போறான் பாரு. ரெண்டு நாளைக்கு மேல உள்ள கீந்தா ஃபேக்டரில சஸ்பெண்டு. அப்பத்தான் புத்தி வரும்.”

“சஸ்பெண்ட் ஆனா அப்புறம் யாருடா பணம் குடுப்பாங்க?”

“அதுக்கு முன்னாலயே பயந்து கட்டிடுவான்க்கா. நீ சும்மா இரு.”

அவளும் அப்படித்தான் நம்பினாள். ஜெயில் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? இன்றைக்காவது வாயைத் திறப்பான், ஏன் கட்டவில்லை என்று சொல்வான். அது போதும் அவளுக்கு.

மதியம் சாப்பாட்டுக்கு ஹைகோர்ட் கலைந்ததும் கிஷோர் வக்கீலோடு டீ குடிக்கப் போனான். வராந்தாவின் அந்தக் கோடியில் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கூட வந்திருந்த யூசுப், ஃபேக்டரியில் அவனோடு ஒரே செக்‌ஷன், மெல்ல எழுந்து இவளிடம் வந்தார்.

“தங்கச்சி, நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேணாம். சத்தியம் வாங்கிகினான். ஆனா என்னால முடியலம்மா.”

“என்னண்ணே?”

“உன் தம்பி ஃபேக்டரில கீறப்ப சொசைட்டில லோன் போட்டானே, ஞாபகம் கீதா? நானும் நாகேந்திரனும்தான் ஜாமீன் கையெழுத்து போட்டோம்.”

ஞாபகம் இல்லாமல் என்ன? ஃபேக்டரித் தொழிலாளிகளின் கூட்டுறவு சொசைட்டியில் ஒருத்தன் கடன் வாங்க வேண்டுமென்றால் கூட வேலை செய்கிற இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருத்தனுக்கு ஒருத்தன் டீ வாங்கிக் கொடுப்பதுபோலக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். மாட்டேன் என்றால் மனுஷனே இல்லை என்று பேச்சாகிவிடும். கிஷோருக்காக நாகேந்திரன் யோசித்தபோது, “என் தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டீங்களா?” என்று இரண்டு நாள் சோறு போடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள் இதே வனஜாதான்.

“உன் தம்பி வேலைய உட்டுட்டுப் பூட்டான். ஒரு தவணைகூடக் கட்டல. சொசைட்டிக்காரன் யாரப் புடிப்பான்? எங்க ரெண்டு பேரு சம்பளத்துலதான் புடிக்கிறான். எனக்குப் பையன் சம்பாதிக்கிறான், ஓடுது. நாகேந்திரனுக்கு அவங்கம்மா ஆபரேஷன் கடன் வேற. கைக்கு வர்றது மெஸ்ஸுக்கே பத்தல.”

“அதை ஜட்ஜம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானேண்ணே? வேணும்னே கட்டாம இல்லன்னா விட்டுடுவாங்களே!”

“நானும் அதான் கேட்டேன். ‘சொன்னா அவ தம்பிய நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டு வெளிய வந்துடுவா. புள்ளையக் கூட்டிகினு எங்க போவா? என்னாலயும் வெச்சிக் காப்பாத்த முடியாது. இருக்கட்டும், மிஞ்சிப்போனா ஒரு மாசம் உள்ள போடுவாங்க, அவ்ளோதானே’ன்றான்.”

பாவி, பாவி என்று மனசுக்குள் திட்டினாள். இத்தனை வருஷம் அவளுக்காக ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது அவளுக்காகப் பேசாமல் இருக்கிறானாம். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

கிஷோர் காகிதத்தில் வடை மடித்து எடுத்து வந்தான். “சாப்டுக்கா. காலைலேர்ந்து ஒண்ணுமே துண்ணல நீ.”

“ஏண்டா, அந்த சொசைட்டி லோன் கட்டி முடிச்சிட்டியா?”

அவன் கண் ஒரு நொடி எங்கோ போய்விட்டு வந்தது. “அது எப்பவோ முடிஞ்சிச்சே. இப்ப இன்னாத்துக்கு அது?”

அவள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கேஸைக் கூப்பிட்டார்கள். “கடைசியா கேக்கறேன் நாகேந்திரன்,” என்றார் நீதிபதி அம்மா. “ஏன் கட்டல?”

“தப்புதாங்கம்மா.”

“காரணம் இருக்கும்ல?”

“ஒண்ணும் இல்லீங்கம்மா.”

அவர் வனஜா பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பின்னால் கிஷோர் நிற்பது தெரிந்தது. அந்தத் தகர அறை கண்ணுக்குள் வந்தது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ரோஷினி வந்தாள். ராத்திரிக்குள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். நாகேந்திரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினான்.

“இல்லீங்க,” என்றாள் வனஜா.

வேண்டுமென்றே உத்தரவை மீறியதாகச் சொல்லி நான்கு வாரம் சிறை என்றார்கள். போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போகும்போது நாகேந்திரன் அவள் முன்னால் ஒரு கணம் நின்றான். “பாப்பா கேட்டா டூட்டில வெளியூர் போயிருக்கேன்னு சொல்லிடு.”

“சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

“ஜெயிச்சிட்டோம்க்கா,” என்று கிஷோர் ரயிலில் இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

வாசலிலேயே ரோஷினி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அப்பா வந்தாராம்மா?”

“அப்பா டூட்டில வெளியூர் போயிருக்காரு.”

“எதுக்குப் போனாரு? எப்ப வருவாரு?”

“உங்க மாமாவைக் கேளு.”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கிஷோர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் முகம் செத்துப்போனது. செருப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தம்பி பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டாள். வனஜா பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தட்டில் போட்டதைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.