மூன்றாவது க்யூபிட்

பார்வையாளர் அட்டையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு அவன் ஆய்வகத்துக்குள் வந்தான். "நல்லா இருக்கீங்களா?" என்றான். ஒருகாலத்தில் வாடி போடி என்று பேசியவன். அந்த 'ங்க' அவளுக்குச் சுருக்கென்றது.

அவர்களுடைய முதல் குவாண்டம் கணினியை அன்று அணைக்கப்போகிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் பீப்பாய். அதற்குள் கொடுங்குளிரில் நகத்தளவு சிப். அதில் கணக்குப் போடும் துகள்போல ஐந்து க்யூபிட்கள். சிப்பை வரைந்தவன் அவன். அதை இயக்கும் ப்ரோகிராமை எழுதியவள் அவள். இரண்டு க்யூபிட்கள் முதன்முதலாகச் சேர்ந்து சரியான விடை சொன்ன அன்று, இருவரும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசினால் விடை மாறிவிடுமோ என்று ஒரு பயம். அப்படியொரு பைத்தியக்காரச் சந்தோஷம் அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவில்லை.

மூன்றாவதுதான் சண்டி. காலையில் சுருதி சேர்த்து வைத்தால் மதியத்துக்குள் கலைந்துவிடும். "உன் ப்ரோகிராம்ல ஓட்டை" என்பான். "உன் சிப்புலதான்" என்பாள். விளையாட்டாகத் தொடங்கியது முற்றிப்போய், ஒருநாள் இயக்குநர் முன்னால் வரைபடங்களை அடுக்கி, குறை சிப்பில்தான் என்று நிறுவிவிட்டாள். அடுத்த மாதம் அவன் வேலையை விட்டான். இப்போது சலவை இயந்திரங்களுக்குச் சர்க்யூட் வரைகிறான். ஏழு வருடம் ஓடிவிட்டது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அந்த மூணாவது... உன் சிப்புல தப்பே இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். அந்த இரும்பு ஏறி எறங்குறப்பல்லாம் காந்தப்புலம் மாறியிருக்கு. லிஃப்ட் ரிப்பேராகி மூணு நாள் நின்னுது. மூணு நாளும் இது சுருதி கலையவே இல்ல."

"எப்போ?"

"நீ போன மறுவருஷம்."

அவன் சுவரையே பார்த்தான். "ஆறு வருஷமாச்சு. ஏன்டி சொல்லல?"

"ஃபோனை எடுப்பேன். நாளைக்குப் பேசலாம்னு வெச்சிடுவேன். நாளாக ஆக, வாயே வரல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான்.

"என் கையையே நான் நம்பாமப் போயிட்டேன், தெரியுமா? ஒரு கோடு போட்டா இன்னைக்கும் பத்து தடவ பாக்கறேன்."

அவளால் நிமிர முடியவில்லை. அவனே, "அணைக்கறதுக்கு முன்னாடி அந்த மூணாவத ஒரு தடவ ஓட்டேன்" என்றான்.

ஓட்டினாள். திரையில் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அலை அலையாக, ஒரு பிசிறில்லாமல், குறையில்லாத சிப்பில் அடங்குவதுபோலவே மெல்ல மெல்ல ஓய்ந்து அடங்கியது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றான். மூன்று தடவை ஓட்டினாள்.

பிறகு டெக்னீஷியன் வந்து குளிரூட்டும் பம்பை நிறுத்தினார். ஒன்பது வருடமாகச் சிக் சிக்கென்று துடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. அப்போது அவன் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், அமைதியான அறையில் அதட்டல்போல் ஒலித்தது. திடுக்கிட்டுப் பாதியில் நிறுத்தினான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.