ஐந்து வோல்ற்

அஜந்தாவின் காரைக் கெடுத்தது நான்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக ஏறாவூரில் வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். வாவிக்கரை உப்புக்காற்று தின்ற வயர்களை இந்த ஹலீமைப் போலப் பார்த்தவன் இந்தப் பக்கத்தில் இல்லை என்று வாய் கிழியப் பேசியவனும் நான்தான்.

அஜந்தா மட்டக்களப்பில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டப் பழக்குகிறவள். கணவன் போன பிறகு, அவன் விட்டுப்போன தொண்ணூற்றேழாம் ஆண்டுக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் பூட்டி, அதற்கு அனுமதியும் எடுத்துப் பிழைப்பைத் தொடங்கினாள். ஆம்பிளையிடம் பழக வீட்டில் விடமாட்டார்கள் என்றிருந்த காத்தான்குடிப் பெண்களும் எங்களூர்ப் பெண்களும் அவளைத் தேடிப் போனார்கள். அந்தக் கார் ஓடவில்லையென்றால் அவளுக்கு மிச்சம் குவைத்தில் வீட்டுவேலைதான். ஏழு வயது மகளைப் பார்க்க ஆளில்லை, விடுதியில்தான் விடவேண்டும். அதனால்தான் ஏஜென்சிக்காரரை இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள்.

புதன்கிழமை காரைக் கட்டி இழுத்து வந்தாள். எஞ்சின் சுற்றுகிறது, பிளக்கில் பொறி இல்லை.

"ரெண்டு கிழமையில என்னட்டப் பழகிற பரீனாக்கு லைசன்ஸ் ட்ரயல் நானா. எப்பிடியாச்சும் செஞ்சு தாங்க."

"இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா தங்கச்சி?"

எப்போது பொறி விடவேண்டும் என்று கம்பியூட்டர் பெட்டிக்குச் சொல்வது ஒரு சின்னச் சென்சர். அதற்கு மூன்று வயர். ஒன்றில் பெட்டியிலிருந்து ஐந்து வோல்ற் வரவேண்டும். இன்னொன்று செய்தி கொண்டுபோவது, எஞ்சின் சுற்றும்போது அதில் வோல்ற் ஏறி இறங்கவேண்டும். மற்றது எர்த். அஜந்தா சாவியோடு உள்ளே இருந்தாள். மீற்றரை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் வயர்களில் ஊசியை வைத்தேன்.

"அஞ்சு," என்றாள். இரண்டாவதில் வைத்து, சுற்றச் சொன்னேன். "இதுவும் அஞ்சுதான் நானா. அசையுதில்ல."

மூன்றாவதைப் பார்க்க என் பல்ப்பைத் தேடினேன். பழைய சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் ஒட்டியது, தொழில் தொடங்கின நாளிலிருந்து என்னோடு இருக்கிறது.

"எர்த்தையும் மீற்றராலயே பாக்கலாம் நானா. கம்பியூட்டர் வயருக்குப் பல்ப் வைக்கப்படாதாம். யூடியூப்ல சொன்னானுகள்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அப்ப யூடியூப்காரனுக்கிட்டயே காரைக் குடுத்திருக்கலாமே?"

பல்ப்பின் ஒரு வயரைப் பெற்றறியின் பொசிற்றிவில் மாட்டி, மற்றதை எர்த் வயரில் குத்தினேன். எர்த் நல்லதென்றால் எரியவேண்டும். எரியவில்லை. அங்கேயே நின்றிருக்க வேண்டும். கோளாறே அதுதான். ஆனால் எனக்கோ கோபம், கை நிதானத்தில் இல்லை. எவனோ வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறான் என்று முதல் வயரிலும் குத்தினேன். பல்ப் மங்கலாக ஒருதரம் எரிந்து அணைந்தது. ஐந்து வோல்ற் ஓடுகிற பெட்டிக்குள் பெற்றறியின் பன்னிரண்டையும் அனுப்பியிருந்தேன்.

மறுபடி மீற்றரை வைத்தேன்.

"பூச்சியம்," என்றாள். மீற்றரை ஒருதரம் தட்டிப் பார்த்து, "முதல்ல அஞ்சு காட்டினதுதானே?" என்றாள்.

"பெட்டி பழுது தங்கச்சி. சாகிற நேரம் அப்பிடித்தான் கொஞ்சம் காட்டும்." இப்படிச் சொல்ல எனக்கு வாய் கூசவே இல்லை.

அவள் போன பிறகு எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பெற்றறித் தட்டுக்குக் கீழே அந்த வயரைப் பூட்டிய போல்ற், பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். இரண்டு நிமிட வேலை. காருக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

கொழும்பில் பழைய சாமான் விற்கிற எட்டுப் பேருக்குப் போன் எடுத்தேன். அந்த மொடலுக்குப் பெட்டி வருவதே நின்றுவிட்டது என்றார்கள். குருநாகலில் ஒன்று இருந்தது, வெள்ளத்தில் மூழ்கிய காரினுடையது, உதவாது. கடைசியில் எரிந்த பெட்டியையே பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை திருத்துகிறவர் படம் அனுப்பினார். நடுவில் கருகிக் கிடந்தது. ஒன்றும் செய்ய ஏலாது என்று எழுதியிருந்தார். அதை அஜந்தாவுக்குப் போனில் சொன்னேன். சரி நானா என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை, குவைத் ஏஜென்சிக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, காருக்குள் கிடந்த தன் சாமான்களை எடுக்க வந்தாள். மகளின் சின்னக் குடை, ஒரு குர்தா, லைசன்ஸ் விண்ணப்பங்கள். ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, பெட்டிய எரிச்சது நான். பல்ப்பாலதான் போனது."

"தெரியும் நானா. அஞ்சு எண்டு வாசிச்சதும் நான்தான், பூச்சியம் எண்டு வாசிச்சதும் நான்தான்."

"மறுகா ஏன் ஏசாம இருந்த?"

"ஏசினா நீங்க பெட்டி தேடுறத விட்டிருவீங்க எண்டு பயந்தன். ஒங்கள விட்டா எனக்கு ஆரு?"

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"பரீனாக்கு நீங்க சொல்லுங்க," என்றாள். "எனக்கு ஏலாது."

அவள் முன்னாலேயே பரீனாவுக்குப் போன் எடுத்து, கார் இனி ஓடாது, டீச்சர் குவைத்துக்குப் போகிறா, எல்லாம் என்னால்தான் என்று சொன்னேன். பரீனா ட்ரயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அல்லாஹ்! அப்ப டீச்சர்ர மகள் ஆருக்கிட்ட நிக்கும்?"

அஜந்தா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஹொஸ்டல்ல விட்டித்தன் பரீனா, வியாழக்கிழமை. நேத்துக் கோல் எடுத்தன்," என்றாள். "கதைக்க மாட்டாவாம்."