காந்தமில்லாத பெல்ட்

முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் காந்த சிகிச்சை கொடுக்கிறவர்கள், கடையைக் கொண்டுபோய் லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்திருந்தார்கள். மந்தைவெளியில் அந்தப் படிகளை ஏறினாலே இல்லாத வலியும் வந்துவிடும். ஆனாலும் ஸ்தனிஸ்லாஸ் சார் காலை பத்து மணிக்கு அங்கே இருப்பார்.

சாந்தோமில் முப்பத்துநான்கு வருஷம் கரும்பலகை முன்னால் நின்று கணக்கு நடத்திய முதுகு அது. மனைவி ஜொவிட்டா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மகள் சான்ட்ரா ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டு, "மாத்திரை போட்டீங்களா டாடி?" என்பாள். பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும்.

காந்த சிகிச்சை சென்டரில் அப்படியில்லை. அங்கே விற்கிற காந்த பெல்ட்டை வாங்கியவர்கள் தினமும் வந்து அதைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காரலாம். ஒவ்வொருவராக எழுந்து பேர், எத்தனையாவது நாள், வலி எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டல் முடிந்த பிறகுதான் உட்கார வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிற ஷீலா, பெல்ட்டை இறுக்கிவிட்டு, "இன்னிக்கு முதுகு எப்பிடி கீது சார்?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்பாள். அப்படி நின்று கேட்க அவருக்கு வேறு நாதியில்லை. வலி இம்மியும் குறையவில்லை. "பாதி குறைஞ்சிருக்கும்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவந்தார்.

ஜூன் மாதம் மயங்கி விழுந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தம் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். சென்டர் வாசல் பலகையிலும் அதேதான்: பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அனுமதி இல்லை.

வேறு யாராவது என்றால் விட்டது சனியன் என்று இருந்திருப்பார்கள். சார் பிளேடை எடுத்து பெல்ட்டின் தையலைப் பிரித்தார். பன்னிரண்டு காந்தங்களையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அவை பிடித்து வைக்க அந்த வீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. கனம் வேண்டுமே என்று ஜொவிட்டாவின் டப்பாவிலிருந்த கோட்டுப் பொத்தான்களை உள்ளே போட்டுத் தைத்தார். சென்டரில் சுற்றிலும் இருபது பேர் காந்தத்தோடு இருப்பார்கள். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என்பது இதுதான் என்று அவருக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. வீடு அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த பெல்ட்டோடு போய்வந்ததில் இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் ஆழ்வார்பேட்டையிலிருந்து புதிதாக நாலு பேர் வந்தார்கள். காந்தத்தின் சக்தியைக் காட்ட ஷீலா எப்போதும் ஒரு பெல்ட்டில் சாவிக்கொத்தை ஒட்டித் தொங்கவிடுவாள். அன்று கைக்கு எட்டியது சாருடைய பெல்ட். அவர் தடுப்பதற்குள் வாங்கிவிட்டாள்.

சாவி கீழே விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, உள்ள பொத்தான் கீது?"

சார் சட்டையை விலக்கினார். நெஞ்சின் மேல்புறம் தோல் புடைத்திருந்தது. ஷீலா வாசல் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவளே இறக்கிவிட்டாள். "உங்களுக்கு எதுனா ஆனா நான் இன்னா சார் பண்ணுவேன்? இனிமே வராதீங்க." முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பாளா என்று சார் ஒரு நிமிஷம் நின்றார். மேலே புதியவர்கள் காத்திருந்தார்கள். அவள் போய்விட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு சார் வீட்டிலேயே பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஸ்தனிஸ்லாஸ். நூத்திப் பதினொண்ணாவது நாள்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வலி அப்படியேதான் இருக்கு."

முதல்முறையாக உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.